பவளம் நின்ற தடுப்பு

காலை ஆறு மணிக்கு ஐந்து குதிரைகளுக்கும் கொள்ளு வைத்துவிடுவார் காதர் மைதீன். ஆறு ஐந்து என்று ஒரு நாள்கூட ஆனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டு, அந்த ஆள் மேல் எனக்கு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துவிடுவீர்கள். மனத்தாங்கல் கிடையாது. நல்ல ஆள். செலவுதான் அதிகம்.

உட்காருங்கள். இந்த மழை இப்போதைக்கு விடாது. கொடைக்கானலில் நவம்பர் மழைக்கு நேரம் காலம் கிடையாது. அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அது நான் உட்காருவது.

காளான் போடுகிறேன், குதிரைச் சாணம் வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். டீக்கடையில் கை காட்டியிருப்பார்கள். அவர்கள் பழைய நினைப்பில் சொல்லியிருக்கிறார்கள். கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு நீங்கள் முழித்ததைக் கவனித்தேன். ஆமாம், குதிரை ஒன்றும் இல்லை. பின்பக்கம் ஒரு குவியல் கிடக்கிறது, மக்கிப்போனது. உங்களுக்குப் புதுச் சாணம்தான் ஆகும், தெரியும். இருந்தாலும் மழை விடுகிற வரை உட்காரலாமே. எங்கே போகப்போகிறீர்கள்?

எனக்கும் குதிரைக்கும் ஏழு ஜென்மத்துக்கும் சம்பந்தமில்லை. திண்டுக்கல்லில் பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருடம் டீசல் சேமிப்புப் பிரிவு. ஒரு லிட்டருக்கு எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எந்த டிரைவர் டீசலை வீணாக்குகிறார் என்று பார்ப்பது என் வேலை. இன்னாசிமுத்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார் என்று தெரிந்தால் டிரைவர்கள் தானாக எஞ்சினை அணைத்துவிடுவார்கள். நிற்கிற வண்டி டீசல் குடிக்கக் கூடாது. அவ்வளவுதான் என் கொள்கை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஆனால் அதை வைத்தே டெப்போவுக்கு இரண்டு முறை கேடயம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த லாயம் என் மச்சினன் அருளப்பனுடையது. என் மனைவி பிலோமினாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாத ஆள். ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிவிடுவது அவர்கள் குடும்பத் தொழில். போன ஜனவரியில் அவன் தவறிப்போனான். பிலோமினா இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ரோட்டில் வருவது எந்தக் குதிரை என்று அடுப்படியிலிருந்தே குளம்புச் சத்தத்தை வைத்துச் சொல்வாள். "நாம போய்ப் பாத்துக்குவோம்ங்க, நீங்களும் சும்மாதான இருக்கீங்க" என்றாள். சும்மாதான் இருந்தேன். வந்தோம்.

வந்து பார்த்தால், தம்பி, நான் டெப்போவில் பார்த்த எந்த வீணும் இதற்கு ஈடில்லை. அருளப்பன் காலத்திலிருந்தே குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற காதர் பாய் தீனியைக் கை அளவில் போடுகிறார். கேட்டால், "அதது மூஞ்சியப் பாத்துப் போடுறது மேனேஜர்" என்கிறார். முதல் நாளிலிருந்து அவர் என்னை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டார். அதில் ஒரு குத்தல் இருந்தது என்று பிலோமினா சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஒரு தராசு வாங்கி வைத்தேன். தவிட்டைக் குறைத்து, மார்க்கெட்டில் கழித்துப்போடும் உடைந்த கேரட்டைச் சேர்த்தேன். கொள்ளை ஊறவைத்து வேகவைத்ததில் விறகு பாதியாகக் குறைந்தது. தரையில் பரப்பும் மரத்தூளைத் தினமும் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நனைந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டு மேலே புதிது தூவினால் போதும் என்றேன். இதைக் காதர் பாயே ஒப்புக்கொண்டார், நீங்கள் அவரிடம் கேட்கலாம். ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம் மாற்றுவதை எட்டு வாரமாக்கியதில் ஒரு குதிரை நொண்டியது. உடனே பழையபடி ஆறுக்கு மாற்றிவிட்டேன். தப்பு என்றால் ஒப்புக்கொள்கிற ஆள் நான்.

ஏப்ரல், மே சீசன் நன்றாகப் போனது. ஜூன் வந்தால் மழை, ஏரிக்கரையில் ஆள் இருக்காது, ஆனால் குதிரை சாப்பிடும். மூன்றை மதுரையில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை. அவள் தம்பியும் மழைக்காலத்துக்கு முன் கொடுப்பது உண்டாம். இரண்டு மிச்சம். ஒன்று கேப்டன். செம்பழுப்பு, ஒன்பது வயது, அருளப்பன் குட்டியிலிருந்து வளர்த்தது. அதை விற்கிற பேச்சையே எடுக்கக் கூடாது என்று பிலோமினா சொல்லியிருந்தாள். இன்னொன்று பவளம். வெள்ளைக் குதிரை, கிழடு, இருபத்து நாலு வயது. ஆறு வருடமாக அதன் முதுகில் யாரும் ஏறவில்லை. கேப்டனுக்கு அடுத்த தடுப்பில் நிற்கும். காலையில் சாப்பிட்டுவிட்டு நிற்கும், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிற்கும்.

"இது என்ன வேலை பார்க்கிறது?" என்று காதர் பாயிடம் கேட்டேன்.

"நிக்கிதுல்ல. அதான் அதோட வேல."

"நிற்பது ஒரு வேலையா பாய்?"

"நீங்க செஞ்சு பாருங்க மேனேஜர், அப்பத் தெரியும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு குதிரைக்கு ஓர் ஆள், அதில் ஒன்று வேலை செய்யாத குதிரை. உங்கள் காளான் கொட்டகையாக இருந்தால் நீங்கள் வைத்திருப்பீர்களா? காதர் பாயைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தேன். பவளத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பண்ணைக்காட்டில் அவர் மகளுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, புல் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு செலவு நின்றது. அவர் கேப்டனின் நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். வேன் வாடகை தருகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "நடத்தியே கூட்டிட்டுப் போறேன், ரெண்டு பேருக்கும் வயசாச்சு, அவசரமில்ல" என்றார். முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஜூன் ஒன்பது. பிலோமினா பூசைக்குப் போயிருந்தாள். வேண்டுமென்று அந்த நேரம் பார்த்துச் செய்யவில்லை. அவர் கிளம்பின நேரம் அப்படி.

வந்ததும் "பவளம் எங்கங்க?" என்றாள். சொன்னேன். காலித் தடுப்பில் போய் நின்றுவிட்டு வந்து சமையலைப் பார்த்தாள். சண்டை ஒன்றும் போடவில்லை.

சண்டை போட்டது கேப்டன்தான். அன்று முழுக்கக் கத்தியது. மறுநாள் கத்தலை நிறுத்திவிட்டு ஆட ஆரம்பித்தது. கதவுக்கு மேல் தலையை நீட்டி, இடது பக்கம், வலது பக்கம், இடது பக்கம், வலது பக்கம். கடிகாரம் மாதிரி. நீங்கள் ஐந்து நிமிடம் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். கொள்ளு வைத்தால் மோந்து பார்க்கும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மரச்சட்டத்தைக் கடித்துக் காற்றை விழுங்க ஆரம்பித்தது. நான் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தீனியை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், தவிட்டைப் பழைய அளவுக்கு ஏற்றினேன். பத்து நாளில் விலா எலும்பு தெரிந்தது.

கால்நடை டாக்டர் வந்தார்கள், மீனலோசனி என்று ஓர் அம்மா. பல் பார்த்தார்கள், வயிற்றில் காது வைத்துக் கேட்டார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், "பக்கத்துல யார் இருந்தா?" என்றார்கள்.

"யாரும் இல்லை டாக்டர். ஒரு கிழட்டுக் குதிரை."

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார்கள். குதிரை தனியாக இருக்காதாம். இன்னொரு குதிரை, இல்லாவிட்டால் ஒரு கழுதை, அதுவும் முடியாவிட்டால் ஓர் ஆடாவது பக்கத்தில் வேண்டுமாம். இப்படியே விட்டால் வயிறு முறுக்கிச் செத்துவிடும் என்றார்கள். பிலோமினா அன்றே பண்ணைக்காட்டுக்குப் போன் பண்ணச் சொன்னாள். நான் யோசித்தேன் தம்பி. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் என்ன மரியாதை? அதோடு அது திரும்பி வந்தால் காதர் பாயும் வர வேண்டும். ஆடு என்றாலும் தீனிதான். அப்போது டாக்டர் போகிற போக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் சில இடங்களில் கண்ணாடி மாட்டுவார்களாம், இன்னொரு குதிரை நிற்கிறது என்று இது நினைத்துக்கொள்ளுமாம்.

கண்ணாடிக்குத் தீனி வேண்டாம். வீட்டில் பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. பிலோமினாவின் கல்யாணச் சீர். கழற்றிக் கொண்டுபோய்ப் பவளம் நின்ற பக்கம் மாட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு நாள் வேலை செய்தது! கேப்டன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியையே பார்த்தது. கொஞ்சம் கொள்ளும் தின்றது. மூன்றாம் நாள் கண்ணாடிக்குப் பின்னால் மூக்கை விட்டுத் தேடியது. தேடிவிட்டுத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டது.

பிலோமினா அப்போதுதான் கொட்டகைக்குள் வந்தாள். அவளும் கண்ணாடியைப் பார்த்தாள்.

"தனியா நிக்கிறவனுக்கு அவன் மூஞ்சியவே காட்டுறீங்களே," என்றாள். "அவனுக்கு எப்பிடிங்க இருக்கும்?"

கண்ணாடியை எடுத்துத் திரும்பப் பீரோவிலேயே மாட்டிவிட்டேன், ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அந்த வாரம் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டாள். எங்கள் மகளுக்கு மே மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது, உதவிக்கு ஆள் வேண்டும். நியாயம்தானே. கோபித்துக்கொண்டு போனாள் என்று டீக்கடையில் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் இல்லை. எனக்கும் ஒரு வகையில் நல்லது. காஸ் சிலிண்டர் நாலு மாதம் வந்தது.

இப்போது கேளுங்கள், நான் கண்டுபிடித்ததை. ஜூலை முதல் வாரம், பவளம் நின்ற தடுப்புக்கு மேல் தகரம் ஒழுகியது. அடைக்கலாம் என்று போனேன், மழை வலுத்துவிட்டது, வெளியே வர முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். பிலோமினாவுக்கு அது பிடிக்காது. படித்துக்கொண்டே இருக்கிறேன், பக்கத்தில் நறநறவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கேப்டன் கொள்ளுத் தொட்டியில் தலையை விட்டிருக்கிறது. நான் படிப்பதை நிறுத்தினேன், தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி படித்தேன், மறுபடி தின்றது.

நான் எதையும் ஒரே தடவையில் நம்புகிறவன் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன், மூன்று நாள் உட்காராமல் பார்த்தேன். உட்கார்ந்தால் சாப்பிடுகிறது, உட்காராவிட்டால் ஆடுகிறது. சந்தேகமே இல்லை. இதைவிட மலிவான வழி ஏது? ஆட்டுக்குத் தனியாகத் தீனி வேண்டும். எனக்கு எப்படியும் சாப்பாட்டுச் செலவு இருக்கிறது.

அந்த நாற்காலிதான் இது.

ஜூலை, ஆகஸ்ட் முழுக்க அங்கேதான். காலையில் கொள்ளு வைத்துவிட்டுப் போய் உட்காருவேன், சாயங்காலம் எழுந்து வருவேன். பேப்பர் பதினோரு மணிக்குத் தீர்ந்துவிடும். பிறகு என்ன படிப்பது? பேச ஆரம்பித்தேன். டெப்போ கதைதான். எந்த டிரைவர் கேட்டைத் தாண்டியதும் வண்டியை நியூட்ரலில் உருட்டுவான், எவன் டீக்கடை வாசலில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுவான், எல்லாம். கேப்டன் ஒரு காதை என் பக்கம் திருப்பி வைத்திருப்பான். அதை வைத்துக் கேட்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம். முப்பத்து நாலு வருடத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை தம்பி. விலா எலும்பு மறைந்தது. ஆட்டம் சுத்தமாக நின்றது. காதர் பாய் சொன்னாரே, செஞ்சு பாருங்க என்று. செய்து பார்த்தேன். பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. முழங்கால் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பிலோமினா தினமும் நாலு மணிக்குப் போன் பண்ணுவாள். "கேப்டன் சாப்பிட்டானா?" என்பாள். சாப்பிட்டான் என்பேன். வைத்துவிடுவாள். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எப்படிச் சரிசெய்தேன் என்று அவள் கேட்டபோது, கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஆகஸ்ட்டில் ஒரு நாள் நல்ல மழை. "எங்கருந்துங்க பேசுறீங்க? தகரத்துல மழை விழுற சத்தமா கேக்குது" என்றாள்.

"பவளத்தின் தடுப்பிலிருந்து" என்றேன்.

"அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா. உட்கார்ந்திருக்கிறேன்."

"நான் வேணா வரட்டுமாங்க?" என்றாள்.

நான் உள்ளதைச் சொன்னேன். குழந்தைக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, அங்கே ஆள் வேண்டும். இப்போது வந்துவிட்டு மறுபடி போனால் பஸ் செலவு இரண்டு மடங்கு. இங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, நீ வந்து செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றேன்.

"சரிங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் போன் பண்ணினாள். தினமும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வத்தலக்குண்டில் ஒரு ஆஸ்பத்திரி. ஐந்து நாள் இங்கே இருக்க முடியாது. நாற்காலியில் யார் உட்காருவது? கூலிக்கு ஆள் வைத்தால் அவன் உட்காருவானா, செல்போனைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பானா? திண்டுக்கல்லுக்குச் சொல்லவில்லை, ஒரு கண்ணுக்கு எதற்கு அலைச்சல். காதர் பாய்க்குத்தான் போன் பண்ணினேன். கேப்டனைப் பண்ணைக்காட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வேனில் வருவார் என்று நினைத்தேன். நடந்து வந்தார், பவளத்தைப் பிடித்துக்கொண்டு. அது இல்லாமல் கேப்டன் அவ்வளவு தூரம் ரோட்டில் நடக்கமாட்டானாம். அவர்கள் கீழே வளைவில் வரும்போதே இங்கே இவன் காதை நிமிர்த்திவிட்டான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் ஏதோ டெப்போ விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு காதையும் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தக் கொட்டகையே அதிரும்படி கத்தினான்.

காதர் பாய் உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார், பேப்பர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குத்தலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "டீ போடட்டுமா மேனேஜர்?" என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு, கேப்டனைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பண்ணைக்காட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு, பலா மரங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் வால் பக்கம் இன்னொன்றின் தலை. ஒன்று வாலை வீசினால் இன்னொன்றின் முகத்தில் ஈ போகும். செலவில்லாத ஏற்பாடு. நான் கூப்பிட்டேன். கேப்டன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு காதைத் திருப்பினான், அந்த ஒரு காது. பிறகு மேய்ச்சலுக்குப் போய்விட்டான்.

அவர் மகள் சோறு போட்டாள். சாப்பிடும்போது காதர் பாய், "நாள் பொழுதுக்கும் அங்க என்ன பண்ணப் போறீங்க? இங்க ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. நாலு நாள் இருந்துட்டுப் போங்க" என்றார். அடுத்தவர் வீட்டில் எதற்குச் சிரமம் கொடுப்பது? மூன்றரை மணிக்குப் பஸ் இருந்தது. கேப்டனை இங்கேயே விட்டுவிடுங்கள், இவ்வளவு புல் இருக்கும்போது அங்கே கட்டிவைத்துத் தீனி வாங்கிப் போடுவது வீண் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். பிலோமினாவுக்கும் போனில் சொன்னேன். இந்த முறை சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்பதைக் கவனியுங்கள். "நல்லதுங்க" என்றாள். இப்போது நாலு மணிக்கு அவள் காதர் பாய்க்குத்தான் போன் பண்ணுகிறாளாம்.

ஆக, இன்றைய தேதியில் இந்த லாயத்துக்குச் செலவு என்று எதுவும் கிடையாது. தராசு இருக்கிறது, வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், காளானுக்கு உதவும். நாற்காலியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். பேப்பரை இங்கே உட்கார்ந்துதான் படிக்கிறேன். கொஞ்ச நாள் அங்கேயே போய் உட்கார்ந்து பார்த்தேன், ஆனால் அங்கே உட்காருவதற்குக் காரணம் ஒன்றுமில்லையே.

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது. சொட்டுகிறது, அது தகரத்தில் நிற்கிற தண்ணீர். சாக்கு கொண்டுவந்திருக்கிறீர்களா? குவியலை ஒரே நாளில் அள்ள வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வியாழக்கிழமை வாருங்கள். திங்கட்கிழமையும் வரலாம். எந்த நேரமும் நான் இருப்பேன்.

பிலோமினா எப்போது வருவாள் என்றுதானே கேட்டீர்கள்? குழந்தைக்கு இப்போது ஆறு மாதம், உட்காருகிறதாம். காதர் பாய் சொன்னார். நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிலோமினா பேத்தியைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்காட்டுக்கு வந்து, கேப்டனையும் பவளத்தையும் பார்த்துவிட்டு, மூன்றரை மணி பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போனாள்.